அலமாரிக்கு அடியில் கல்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் அக்காவின் கணவர், அதாவது மாமா, இதைச் சொல்லித்தான் என் வாயை அடைக்கப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. வேலைக்குப் பஸ்ஸில் போகிறவள். அந்த வேலை என்னவென்றால், ஒரு கார் பந்தய வீடியோ கேமில் வரும் நூற்று நாற்பது கார்கள் எப்படி ஓட வேண்டும், எங்கே வழுக்க வேண்டும், எந்த வளைவில் எந்த வேகத்தில் கவிழ வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுவது. "நீச்சல் தெரியாதவ நீச்சல் குளம் கட்டுறா" என்று அக்கா கேலி செய்வாள்.

கேமில் நிஜக் கார்கள் வர வேண்டுமானால் அந்தந்தக் கார் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். விளையாடுகிறவர்களுக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் ஐம்பது பக்க ஒப்பந்தம் இருக்கும். எங்கள் காரின் கதவு பிய்ந்து விழக்கூடாது. எங்கள் காரைப் போலீஸ் துரத்தக்கூடாது. எங்கள் காரில் ஆள் அடிபட்ட மாதிரிக் காட்டவே கூடாது. ஒரு கம்பெனி, காரின் மேல் சேறு படியலாம், ஆனால் எங்கள் சின்னத்தின் மேல் படியக்கூடாது என்று எழுதியிருந்தது. கார் முழுக்கச் சேறாகும். சின்னம் மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி மின்னும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஏழு வருடம் ஆன பிறகு சிரிப்பு வருவதில்லை. குமட்டுகிறது.

போன வருடம் ஒரு கம்பெனியிடம் அவர்களுடைய சிவப்புப் பந்தயக் காரைக் கேட்டோம். அது இல்லாமல் எங்கள் கேமை எவனும் சீண்ட மாட்டான். தருகிறோம், ஆனால் எங்கள் புதுக் குடும்பக் காரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஏழு பேர் உட்காருகிற கார். பந்தயத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது. ஒன்று வேண்டுமானால் இரண்டையும் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. படத்தைப் பார்த்தோம். நெட்டையாக, ஒல்லியாக, தலை கனத்து நின்றது. வரைகிற பெண் ஒருத்தி, "இது காரா, அலமாரியா?" என்றாள். அன்றிலிருந்து அது எங்களுக்கு அலமாரி.

கம்பெனியின் சார்பில் எங்களோடு பேச ஒருவர் இருந்தார். அவர் சரி என்றால்தான் எதுவும் வெளியே போகும் என்பதால் அவருக்கு முத்திரை என்று பெயர் வைத்திருந்தோம். முத்திரை குரலை உயர்த்தவே மாட்டார். எதைச் சொன்னாலும் சிரித்த முகமாகச் சொல்வார். அவரோடு கை குலுக்கினால் எனக்கு உடனே கையைக் கழுவ வேண்டும் போல இருக்கும். காரணம் சொல்லத் தெரியாது.

அலமாரியின் அளவுகளை அவர்தான் அனுப்பினார். எடை எவ்வளவு, இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், எடை எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், எல்லாம் தொழிற்சாலையில் அளந்த எண்கள். வெளியே யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. எண்களைப் போட்டேன். ஏழு பேர் எடையை ஏற்றினேன். கூரைமேல் நான்கு பெட்டி வைத்தேன். குறுக்கே எதுவோ வந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்புவோமே, அப்படித் திருப்பிப் பார்த்தேன். அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் அலமாரி மல்லாந்துவிட்டது.

அறுபத்தெட்டு என்பது பந்தய வேகமே இல்லை. காய்கறி வாங்கப் போகிறவர் போகிற வேகம். என் கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மற்ற நூற்று முப்பத்தொன்பது காரும் அதே கணக்கில் ஒழுங்காக ஓடின. இது மட்டும் குப்புற விழுந்தது, மல்லாந்தது, ஒருதடவை மூன்று சுற்றுச் சுற்றித் தடுப்பைத் தாண்டிப் போனது. அளவுகளில் தவறு இருக்கலாமா என்று முத்திரைக்கு எழுதிக் கேட்டேன். அவர் எழுதவில்லை, நேரில் வந்தார். கூட்ட அறையில் எங்கள் கேமின் தயாரிப்பாளரும் இருந்தார். பெரிய திரையில் அலமாரி உருளுவதைப் பார்த்துவிட்டு முத்திரை சிரித்தார்.

"நம்பர் எல்லாம் சரிதான் மேடம். நடத்தைதான் சரியில்லை."

"நம்பர் சரின்னா நடத்தையும் சரிதானே சார்? அதை நான் எழுதலையே. நீங்க குடுத்த எடைதான் அதைத் தள்ளுது."

"ஒப்பந்தத்தைப் பாருங்க. எங்க வண்டியோட சக்கரம் வானத்தைப் பாத்து இருக்கக்கூடாது. எந்தக் காட்சியிலயும்."

"நிஜ ரோட்டுல?"

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. "நாம இங்க கேமைப் பத்தித்தானே பேசிட்டு இருக்கோம்?" என்றார். தயாரிப்பாளர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

நான் எழுந்து போய் அலமாரியின் தரைக்கு அடியில் நானூறு கிலோ எடையுள்ள ஒரு கல்லை வைத்தேன். நிஜக் கல் இல்லை. ஒரே ஒரு எண். திரையில் தெரியாது. கோப்பில் அதற்குக் 'கல்' என்றே பெயர் வைத்தேன். வேறு பெயர் வைத்து அதை அழகாக்க மனசு வரவில்லை. கல் வந்ததும் அலமாரி சாதுவாகிவிட்டது. எப்படி ஒடித்தாலும் குலுங்கிவிட்டு நிமிர்ந்து நின்றது. மறுநாளே முத்திரை விழுந்தது. இதற்கு எனக்குப் பிடித்தது இருபது நிமிடம். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கேம் வெளியான அன்று முத்திரை ஒரு கேக் அனுப்பினார், அலமாரியின் வடிவத்தில். அலுவலகத்தில் யாரும் தொடாததால் அதை அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் இரண்டும் சக்கரத்துக்கு அடித்துக்கொண்டன. மாமா கூரைப் பக்கத்தை ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, "இது என்ன வண்டி? நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

"கேக் நல்லா இருக்கும் மாமா," என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. விளையாடுகிறவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்: இந்தக் கேமில் கவிழாத கார் ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் வந்து மோதினாலும் நிமிர்ந்து நிற்கிறது. அவ்வளவுதான், சிவப்புக் காரை எல்லாரும் கை கழுவிவிட்டு அலமாரியில் ஏறிக்கொண்டார்கள். பந்தயம் என்ற பெயரில் பதினாறு அலமாரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. கம்பெனிக்கு வாயெல்லாம் பல். தங்கள் கார்க் கடை ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய திரையும் நாற்காலியும் ஸ்டியரிங்கும் வைத்தார்கள். மேலே ஒரே ஒரு வரி: 'எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள்.' நிஜக் கார் கவிழாது என்று எங்கேயும் எழுதவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. வருகிறவர் உட்காருவார், திருப்புவார், எழுந்து போய்க் கையெழுத்துப் போடுவார். பொய்யை அவர் கையாலேயே செய்யவைத்து, அதை அவரையே வாங்கிக்கொள்ள வைக்கிற அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துக் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் மாமா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"உன்னாலதான் வாங்கினேன், தெரியுமா? கேக்ல வந்துச்சே, அதே வண்டி. சனிக்கிழமை காலையில கைக்கு வருது. அன்னைக்கே மலைக்குக் கிளம்புறோம். நாங்க நாலு பேரு, எங்கப்பா, என் தங்கச்சி. ஏழாவது சீட்டு உனக்கு."

"மாமா, கொஞ்சம் யோசிச்சு வாங்கலாமே?" என்று இழுத்தேன்.

"யோசிக்காம வாங்குவேனா? வீட்டுல உன் கேமைப் போட்டு, மலைப் பாதை ஒண்ணு வருதே, அதுல இருநூறு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். எண்ணி வெச்சிருக்கேன். ஒரு தடவைகூடக் கவிழலை. கடைக்காரன் சொல்றதை எல்லாம் நான் நம்ப மாட்டேன்மா. நானே சோதிச்சுப் பாத்தாத்தான்."

நான் "சரி மாமா" என்று போனை வைத்துவிட்டேன். அந்தச் 'சரி'யை எந்த வாயால் சொன்னேன் என்று தெரியவில்லை. மறுநாள் தயாரிப்பாளரிடம் போய், கடைகளில் இருந்து அந்தத் திரையை எடுக்கச் சொல்லுங்கள், என் குடும்பமே அந்தக் காரில் போகப்போகிறது என்று சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். நான் கையெழுத்துப் போட்ட தாளை நினைவுபடுத்தினார். இது வெளியே வந்தால் அந்தக் கம்பெனி மட்டுமில்லை, மற்ற கம்பெனிகளும் கார் தராது, இங்கே வேலை செய்கிற நூற்று இருபது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். கடைசியில், "உங்க மாமாகிட்ட மெதுவா ஓட்டச் சொல்லுங்களேன்" என்றார். நல்ல மனிதர்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் அலமாரி நின்றது. திரையில் நான் தினமும் பார்க்கிற கார், இப்போது வெயிலில், இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல். கூரைமேல் நான்கு பெட்டிகளைக் கட்டியிருந்தார் மாமா. சரியாக நான்கு. பிள்ளைகள் இரண்டும் பின்னால் ஏறி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி எனக்குப் பழிப்புக் காட்டின. மாமாவின் அப்பாவும் தங்கையும் நடு இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வீட்டைப் பூட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்த வண்டி கவிழும்," என்றேன்.

வாசலிலேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. எப்படிச் சொல்லலாம் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. தாளில் இருந்த எண்கள், அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஏழு பேர், நான்கு பெட்டி, முத்திரை, கல் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் சிவந்தது.

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு நாள், ஒரு தெரு, ஓட்டியிருக்கியா? இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன் நான். எங்கிட்ட வந்து வண்டி கவிழும்னு ஜோசியம் சொல்றே?"

பையில் இருந்து மடிக்கணினியை எடுத்துக் காரின் முன்பக்க மூடிமேலேயே வைத்துத் திறந்தேன். கல்லை எடுத்துவிட்டு அந்த மலைப் பாதையில் அலமாரியை விட்டேன். நான்காவது வளைவில் மல்லாந்தது. திரும்ப விட்டேன். திரும்ப மல்லாந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது நீயா உருட்டி விட்டது. கம்பெனிக்காரன் பாத்துச் சரின்னு சொன்னதா இது?"

"இல்லை."

"அவன் சரின்னு சொன்னது கடையில விக்குதே, என் வீட்டு டிவியில இருக்கே, அதுதானே? அப்போ அதுதான் நிஜம். நீ காட்டுறது உன் விளையாட்டு."

எனக்கு எதிராக என் வேலையையே சாட்சிக்கு நிறுத்திவிட்டார். முத்திரைகூட இவ்வளவு நன்றாக வாதாடியிருக்க மாட்டார்.

அக்கா பூட்டின சாவியோடு படியில் நின்றாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கணக்கு ஆசிரியை அவள். கரும்பலகையில் தப்புப் போட்ட பிள்ளையிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"கேம்ல கவிழாம இருக்க என்ன வெச்சே?"

"அடியில நானூறு கிலோ."

"இந்த வண்டிக்கு அடியில அது இருக்கா?"

"இல்லக்கா."

அவள் நேராகக் காரிடம் போனாள். பின்கதவைத் திறந்து, "இறங்குங்க," என்றாள். சின்னது அழ ஆரம்பித்தது. அதன் கையைப் பிடித்து இறக்கினாள், பெரியதை இறக்கினாள். மாமாவின் அப்பா யாரும் சொல்லாமலே இறங்கி, மகளுக்கும் கை கொடுத்தார். மாமா, "ஏய், இவ பேச்சைக் கேட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்து யாரும் கேட்காததால் நிறுத்தினார். எனக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நன்றியைத் தேடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"பதினாலு மாசமா."

"அந்தக் கேக் கொண்டு வந்தியே, அப்போ தெரியுமா?"

"தெரியும்."

"எம் பிள்ளைங்க வாயில ஊட்டி விட்டே," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டாள். "எங்க வீட்டுக்கு மட்டும் ஓடி வந்து சொல்றே. இதை வாங்கின மத்த வீட்டுல எல்லாம் உன்னை மாதிரி ஒரு தங்கச்சி இருக்காளா?"

பூட்டைத் திறந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமாவும் பின்னாலேயே போய், "இப்பவே காட்டுறேன் பாரு" என்று டிவியைப் போடுகிற சத்தம் கேட்டது. வாசலில் நானும் அலமாரியும் மட்டும் நின்றோம். அழுகை வரவில்லை. நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்தச் சனியனின் முகத்தில் என் முகம் தெரிந்தது, அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

ஏதாவது ஒரு காரைப் பற்றி விளையாடுகிறவர்கள் ரொம்பப் புலம்பினால், அதன் எண்களை அந்த நிமிடமே திருத்தி அனுப்புகிற அனுமதி எனக்கு இருந்தது. அடுத்த பந்தயம் தொடங்கும்போது புது எண் எல்லாருடைய திரைக்கும் போய்ச் சேரும், கடைகளில் இருக்கிற திரைகள் உட்பட. அலமாரியின் கோப்பைத் திறந்தேன். 'கல்' என்ற சொல்லுக்கு எதிரே இருந்த நானூறை அழித்துப் பூஜ்யம் போட்டேன். அனுப்பட்டுமா என்று கேட்டது. அனுப்பினேன். கல்லை வைக்க இருபது நிமிடம் பிடித்தது. எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உள்ளே போனேன். மாமா சோபாவின் நுனியில் உட்கார்ந்து, எல்லாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மலைப் பாதையில் இருநூற்று ஒன்றாவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் அலமாரியின் இரண்டு சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கூரை தரையில் இடித்தது. நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன. மாமா மறுபடி ஆரம்பத்தில் இருந்து ஓட்டினார். மறுபடி கவிழ்ந்தது. மூன்றாவது தடவை அவர் ஓட்டவில்லை. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, நிஜக் காரைப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு முத்திரை போன் செய்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எல்லாக் கடையிலயும் வண்டி மல்லாந்து கிடக்குது! ஆளுங்க நின்னு போன்ல படம் பிடிக்கிறாங்க! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீங்க அனுப்பின அளவை வெச்சேன் சார். கூட எதுவும் வைக்கலை."

"உடனே சரி பண்ணுங்க!"

"நம்பர் எல்லாம் சரிதான் சார். நடத்தைதான் சரியில்லை."

பன்னிரண்டு மணிக்குள் என் மடிக்கணினி என் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது. வேலை போனதை அதுதான் முதலில் சொன்னது; தயாரிப்பாளர் பிறகுதான் சொன்னார். மலைப் பயணம் நடக்கவில்லை. அக்கா எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. மாமா கூரையில் இருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் பெரியது டிவியில் உட்கார்ந்து அந்த மலைப் பாதையை ஓட்டியது. நான்காவது வளைவில் அலமாரி குலுங்கியது, நிமிர்ந்தது, ஐந்தாவது வளைவுக்கு நேராக, கம்பீரமாகப் போனது. கல்லைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

"அப்பா! இங்க பாருங்க! கவிழலை! சரியாயிடுச்சு!" என்று குதித்தது பிள்ளை.

மாமா வந்து நின்று பார்த்தார். இன்னொரு வளைவு, இன்னொரு வளைவு. எப்படி ஒடித்தாலும் கவிழாமல் போய்க்கொண்டிருந்தது. நேற்றுவரை அவர் தெருவில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்ட அதே காட்சிதான். சாப்பிடும்போது வாயில் முடி அகப்பட்ட மாதிரி அவர் முகம் போனது.

"சீ," என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தார்.